ஒரு போதைக்கு இன்னொரு போதை மாத்திரையா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 36. டைல்ஸ் ஒட்டும் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடிப்பழக்கம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் சபரிமலைக்கு மாலை போட்டபோது குடியை விட்டவர், அப்புறம் தொடவே இல்லை. குடும்பமே நிம்மதியாக இருந்தோம். ஆனால் இடுப்பு வலிக்கு என்று கூட வேலை செய்பவர் கொடுத்த டேபென்டடால் மாத்திரையில் ஆரம்பித்து, தினம் ஓர் அட்டையைக் காலி செய்யும் நிலைக்கு வந்துவிட்டார். தூக்கத்துக்கு அல்பிரசோலம் தனி. ஞாயிற்றுக்கிழமை கஞ்சாவும் உண்டு என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. ஒன்றரை மாதமாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒருமுறை ஓ.பி.யில் காட்டுகிறோம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றும், ராத்திரிக்கு வேறு ஒரு தூக்க மாத்திரையும் தருகிறார்கள். ஓ.பி. சீட்டில் ‘ஓபியாய்டு’, ‘செடேட்டிவ்’, ‘கன்னபிஸ்’ என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. எல்லாம் போதைதானே, எதற்கு இப்படிப் பிரிக்கிறார்கள்? ஒரு போதையை விடச் சொல்லிவிட்டு இன்னொரு போதை மாத்திரையைக் கொடுப்பது சரியா? பீரோவில் அவர் ஒளித்து வைத்திருந்த பழைய தூக்க மாத்திரைகள் என் கையில் சிக்கின. வீசிவிடலாமா? கஞ்சா செடிதானே, அதை மட்டும் விட்டுவிடு என்கிறார். என் நாத்தனார் ஒரு பொடி வாங்கி வந்திருக்கிறார். ரசத்தில் கலந்து கொடுத்தால் அவருக்கே தெரியாமல் எல்லாப் பழக்கமும் போய்விடுமாம். கொடுக்கலாமா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி

பதில்: அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. பொடியைக் கொடுக்காதீர்கள். பழைய தூக்க மாத்திரைகளை வீசவும் வேண்டாம், அவர் கையில் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு கவரில் போட்டு, அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது டாக்டர் மேஜையில் வையுங்கள். அட்டையில் எத்தனை காலியாகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். மருத்துவமனையில் கொடுத்த ராத்திரி மாத்திரைக்கு மேல் உங்கள் கணவர் இதையும் ரகசியமாகப் போட்டுக்கொண்டிருந்தால், டாக்டர் போட்ட கணக்கே தப்பாகிவிடும். இன்றைக்கு அது அகப்பட்டுவிட்டது என்று நீங்கள் வீசிவிட, அவரும் வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல் இருக்க, மூன்றாம் நாள் பிட்ஸ் வந்து விழுவார். இப்படி நடப்பது உண்டு.

ஏன் பிட்ஸ் வர வேண்டும்? ஓ.பி. சீட்டில் ஏன் தனித்தனியாக எழுதினார்கள் என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

போதை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், ஒவ்வொரு பொருளும் மூளையில் போய் வேலை செய்கிற இடம் வேறு. எந்த இடம் என்பதைப் பொறுத்துத்தான் அதை நிறுத்தினால் என்ன ஆகும், எந்த மருந்து உதவும், எதோடு எதைச் சேர்த்தால் உயிருக்கு ஆபத்து என்பதெல்லாம் இருக்கிறது. சீட்டில் உள்ள அந்த மூன்று வார்த்தைகளைப் பார்த்தாலே வேறொரு டாக்டருக்குப் பாதி வைத்தியம் புரிந்துவிடும். அவரைப் பற்றி மோசமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

செடேட்டிவ் என்றால் மூளையின் வேகத்தைக் குறைப்பவை. தூக்க மாத்திரைகளில் பெரும்பாலானவை இதில் வரும்: அல்பிரசோலம், டயசெபம், லோராசெபம், நைட்ராசெபம். மருத்துவத்தில் பென்சோடையசெபின் என்போம். இந்தக் குடும்பத்தில் முதல் மாத்திரை 1960-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் மூத்த இன்னொரு செடேட்டிவ் உண்டு. அதுதான் சாராயம். பிராந்தி, பீர், கள் எல்லாம் இதில் அடக்கம். சாராயமும் தூக்க மாத்திரையும் மூளையில் ‘காபா’ என்ற ஒரே அமைப்பைத் தூண்டித்தான் ஆளை மந்தமாக்குகின்றன.

இப்போது உங்கள் கணவரின் கதையைத் திரும்பப் பாருங்கள். மாலை போட்டுக் குடியை விட்டது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே தூக்கத்துக்கு என்று அல்பிரசோலம் வந்துவிட்டது. அவர் மனசைப் பொறுத்தவரை குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மூளையைப் பொறுத்தவரை அதே வகைப் பொருள் பாட்டிலிலிருந்து அட்டைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நீண்ட நாள் குடித்தவர்களுக்குத் தூக்க மாத்திரை சீக்கிரம் பிடித்துப்போவதும், ஒரு மாத்திரையில் தூக்கம் வராமல் இரண்டு மூன்று என்று போவதும் இதனால்தான். ‘எல்லாத்தையும் விட்டுட்டேன், பீர் மட்டும் அடிச்சுக்கிறேன்’ என்று நாளை அவர் சொன்னால் அதற்கும் இதே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பிரேக்கை மிதித்தபடியே வண்டி ஓட்டினால், வண்டி நிற்காமல் போக ஆக்ஸிலரேட்டரை இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். தினமும் செடேட்டிவ் எடுப்பவரின் மூளையும் அதைத்தான் செய்கிறது. மாதக்கணக்கில் இப்படிப் போன பிறகு ஒரே நாளில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால்? கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், சின்னச் சத்தம்கூடத் தூக்கிவாரிப் போடும். சிலருக்கு வலிப்பு வரும். குடியை நிறுத்தியவர்களுக்கு 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கிவிடும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள் இல்லாத ஆள் தெரிவது, இடம் காலம் புரியாமல் கட்டிலை விட்டு இறங்கி ஓடுவது என்று டெலீரியம் வரலாம். ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று கோயிலுக்குக் கூட்டிப்போகிற கட்டம் இதுதான். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். அல்பிரசோலம் போன்ற மாத்திரைக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு வித்தியாசம், சில தூக்க மாத்திரைகள் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் வலிப்பு ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். ‘நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலை’ என்று தைரியமாக இருக்க முடியாது.

அதனால்தான் உங்கள் டாக்டர் தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல், உடம்பில் அதிக நேரம் தங்கும் வேறு ஒன்றுக்கு மாற்றி, அதைச் சின்னச் சின்னதாகக் குறைத்துக்கொண்டு வருகிறார் என்று நினைக்கிறேன். இதற்குச் சில வாரம் ஆகும், சிலருக்குச் சில மாதம்கூட ஆகும். ‘ஒன்றரை மாசமா ஓ.பி.க்குப் போறோம், இன்னும் தூக்க மாத்திரை நிக்கலையே’ என்று கோபப்பட வேண்டாம். அது நிதானமாகத்தான் நிற்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அரசாங்கக் கடையில் விற்பது, மெடிக்கலில் விற்பது, மறைத்து விற்பது என்று மக்கள் மனதில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை வைத்தே ஆபத்தையும் கணக்குப் போடுகிறார்கள். ஹெராயினைத் திடீரென நிறுத்தினால் ஆள் நரக வேதனைப்படுவார், ஆனால் ஆரோக்கியமான பெரியவர் அதனால் சாவது அபூர்வம். டாஸ்மாக்கில் வரிசையில் நின்று வாங்கும் சரக்கைத் திடீரென நிறுத்தித்தான் ஆட்கள் சாகிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள், 3 கோடிக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்கள் கஞ்சா வகைகளையும், 2.26 கோடிப் பேர் ஓபியாய்டுகளையும் எடுக்கிறார்கள். மருத்துவக் காரணமில்லாமல் தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் 1.18 கோடி. இதில் கடைசிக் கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மாத்திரைதானே என்று விட்டுவிடுகிறோம்.

சரி, ஓபியாய்டுக்கு வருவோம். உங்கள் கணவரின் முக்கியமான பிரச்சினை இது.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பாலிலிருந்து வருவது அபின். அதிலிருந்து பிரித்தது மார்பின். மார்பினிலிருந்து செய்தது ஹெராயின். 1898-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாகக் கடையில் விற்றது, மார்பின் மாதிரி அடிமைப்படுத்தாது என்று நம்பி டாக்டர்களும் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் செடியே தேவையில்லாமல் தொழிற்சாலையில் செய்கிற டிரமடால், டேபென்டடால் எல்லாம் வந்தன. சில இருமல் சிரப்புகளில் உள்ள கோடீனும் இந்த வகைதான். பெயரும் விலையும் வேறாக இருக்கலாம், ஆனால் மூளையில் வலியைக் குறைத்து இதமாக இருப்பது போன்ற உணர்வைத் தருகிற அதே ஏற்பிகளில்தான், அதாவது மருந்து போய் ஒட்டுவதற்கென்று மூளையில் உள்ள இடங்களில்தான், இவை போய் ஒட்டுகின்றன. டிரமடாலை 2018-லேயே போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் கணவர் எடுத்த டேபென்டடாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துதான். ஆனால் சைட்டில் ‘பாடி பெயின் மாத்திரை’ என்று கைமாறும்போது யாரும் சீட்டு கேட்பதில்லை. நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு அது முதல் நாள் என்ன தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வலி போயிற்று, வேலை ஓடியது, மனசும் லேசாக இருந்தது. அவர் போதையைத் தேடிப் போகவில்லை, இடுப்பு வலிக்குத்தான் போனார். அதை நீங்கள் நம்பலாம்.

நாளாக ஆக ஒன்று போதாது, நான்கு வேண்டும், பத்து வேண்டும். போடாவிட்டால் 8 முதல் 12 மணி நேரத்தில் வித்ட்ராவல், அதாவது நிறுத்தும்போது வரும் உபாதை, ஆரம்பித்துவிடும். மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், கண்ணில் நீர் வடியும், மயிர்க்கூச்செறியும், வயிற்றைக் கலக்கும், எலும்புக்குள் யாரோ திருகுவது மாதிரி வலிக்கும், படுத்தால் கால் நிற்காமல் உதறும். சளிக் காய்ச்சல் என்று வீட்டில் நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து ஒரு வாரத்தில் அடங்கும். அந்த இரண்டாம் நாளைத் தாண்ட முடியாமல்தான் பலர் மறுபடி அட்டையைத் தேடுகிறார்கள். ‘மனஉறுதி இல்லை’ என்று திட்டுகிறோம். அந்த நேரத்தில் அவர் மாத்திரை தேடுவது போதைக்காக இல்லை, உடம்பு படுகிற பாட்டை நிறுத்துவதற்காக.

இதற்குத்தான் நாக்கடி மாத்திரை. அது பெரும்பாலும் பியூப்ரெனார்பினாக இருக்கும், ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நாலாக்சோனோடு சேர்த்துத் தருவார்கள். அதுவும் ஓபியாய்டு வகைதான் என்பது உண்மை. உங்கள் சந்தேகம் தப்பில்லை. ஆனால் அது வேலை செய்கிற விதம் வேறு. ஹெராயினோ டேபென்டடாலோ ஏற்பியை முழுமையாகத் தூண்டும், சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். பியூப்ரெனார்பின் அதே ஏற்பியில் மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் பாதி அளவே தூண்டும். மெதுவாக ஏறும், ஒரு நாளுக்கு மேல் தங்கும். அதனால் உபாதை வராது, ஏங்காது, கிறுகிறுப்பும் இருக்காது. ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் மூச்சை அடக்கும் வேலை அதற்கேற்பக் கூடாது. மேலே வேறு ஓபியாய்டு போட்டாலும் இடம் ஏற்கெனவே அடைபட்டிருப்பதால் போதை சரியாக ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்த மருந்தில் நிலையாக இருப்பவர் காலையில் எழுந்து வேலைக்குப் போவார், சம்பளம் வீட்டுக்கு வரும், குழந்தை பக்கத்தில் வந்தால் எரிந்து விழமாட்டார். முன்பு அட்டைக்குக் காசு தேடி அலைந்த நாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், ‘இன்னொரு போதை’ என்ற பேச்சு எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எத்தனை மாதம் என்று அவசரப்படாதீர்கள். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பெரும்பாலானோர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள், அதனால் டாக்டர்கள் நீட்டித்துத்தான் தருவார்கள்.

இதில் உங்கள் கண்ணுக்குப் படக்கூடிய சில விஷயங்கள் உண்டு. மாத்திரையை விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும், அதனால் நாக்குக்கு அடியில் வைத்து முழுதாகக் கரையும்வரை பேசாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் ஆகும். கரைந்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பல் தேய்க்க வேண்டாம், பல் கெடுவது உண்டு. மலச்சிக்கல் வரும், அதையும் ஓ.பி.யில் சொன்னால் மருந்து தருவார்கள். இதையெல்லாம் சொல்ல வெட்கப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. முதல் நாள் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் ‘கடைசியா எப்ப போட்டீங்க?’ என்று துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். டேபென்டடால் ஏற்பியில் இருக்கும்போதே பியூப்ரெனார்பின் போய் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், உபாதை முழுவதும் அரை மணியில் ஒரேயடியாக வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் இனிமேல் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். இதேபோல நால்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. குடியை விட்டவர்களுக்கு ஏக்கம் குறைய நல்ல மருந்து. உங்கள் கணவர் வேறு ஒரு கிளினிக்குக்குப் போய் ‘எனக்குக் குடிப்பழக்கம் இருந்தது’ என்று மட்டும் சொல்லி அந்த மாத்திரையை வாங்கிப் போட்டால், அன்று ராத்திரியே ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும். ஓபியாய்டு எடுப்பவருக்கு அது எதிரி. ஓ.பி. சீட்டில் அந்த வார்த்தை தனியாக எழுதப்பட்டிருப்பதன் பலன் இதுதான். பல் டாக்டரிடம் போனாலும், அடிபட்டு எமர்ஜென்சிக்குப் போனாலும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் பார்த்துவிடுவோம். ஓபியாய்டும் செடேட்டிவும் தனித்தனியாகவே மூச்சை மெதுவாக்கும். இரண்டும் சேர்ந்தால், அதன் மேல் ஒரு கட்டிங்கும் போட்டால், தூங்கிய ஆள் மூச்சு விட மறந்துவிடுவார். பியூப்ரெனார்பின் தனியாகப் பாதுகாப்பானது என்று சொன்னேன், தூக்க மாத்திரையை இஷ்டத்துக்குச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினும் இந்தக் கூட்டில் சேர்ந்தால் ஆபத்தே. ஆகவே அவர் இடுப்பு வலிக்குத் தானாக எதையும் வாங்கிப் போடக் கூடாது. அந்த வலியை ஓ.பி. டாக்டரிடமே கேளுங்கள், பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். வலியைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் பிடுங்கினால் அவர் திரும்ப அங்கேயே போவார்.

குறட்டை வழக்கத்துக்கு மாறாகக் கரகரவென்று வந்தாலோ, தட்டி எழுப்பினால் எழாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் நாலாக்சோன் ஊசி போட்டால் ஓபியாய்டால் அடங்கிய மூச்சு திரும்பும். சில வாரம் மாத்திரையைத் தொடாமல் இருந்துவிட்டுப் பழையபடி ஓர் அட்டை போட்டவர்கள்தான் இப்படி அதிகம் போகிறார்கள். மனசுக்குப் பழைய அளவு ஞாபகம் இருக்கும், உடம்போ அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும்.

கஞ்சாவுக்கு வருகிறேன். செடி என்பது உண்மைதான். அபினும் செடி, புகையிலையும் செடி, அரளியும் செடி. கஞ்சா செடேட்டிவும் இல்லை, ஓபியாய்டும் இல்லை, அது தனி வகை. அதிலுள்ள டி.எச்.சி. என்ற போதைப் பொருள் உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கும், அதனால் தினமும் இழுப்பவர்களுக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் சிறுநீரில் காட்டும். நிறுத்தினால் உயிர் போகாது. இரண்டு வாரம் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை இருக்கும். சிலருக்கு, முக்கியமாகச் சின்ன வயதில் ஆரம்பித்தவர்களுக்கும் குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும், சந்தேகம், காதில் குரல் கேட்பது என்று போகும். உங்கள் கணவருக்கு உடனடி ஆபத்து கஞ்சா இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கஞ்சா இழுக்கிற அதே நண்பர் கூட்டத்தில்தான் அட்டையும் கைமாறும். அதனால் அதையும் விடத்தான் வேண்டும். என்றாலும் ஒரு ஞாயிறு அவர் வழுக்கிவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்று நாக்கடி மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. இந்த வரிசை முக்கியம்.

மீதி வகைகள் உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை, இருந்தாலும் இரண்டு வரி. கொக்கைன், மெத் போன்றவை மூளையை முடுக்கிவிடுபவை. நிறுத்தினால் ஆள் நாள்கணக்கில் தூங்குவார், பின் கடும் மனச்சோர்வு வரும், தற்கொலை எண்ணம் வரலாம். அதற்கு நாக்கடி மாத்திரை மாதிரி மாற்று மருந்து எதுவும் இல்லை, பேச்சுவழிச் சிகிச்சைதான். பீடி, சிகரெட், உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் எல்லாம் இதற்குத் தம்பி முறை. ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் முகர்வது சிறுவர்களிடம் இருக்கிறது. முதல் தடவையிலேயே இதயம் நின்று போகக்கூடியது அது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கவனியுங்கள்.

ஓ.பி.யில் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் செய்வார்கள். அதில் இரண்டு குழப்பம் வந்து வீட்டில் சண்டையாகும். முதலாவது, அந்தப் பட்டையில் கோடு விழுந்தால் ‘இல்லை’ என்று அர்த்தம், கோடு விழாவிட்டால்தான் ‘இருக்கிறது’. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு நேர் எதிர். கோட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே அழ ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டாவது, முந்தின நாள் குருமாவிலோ பாயசத்திலோ கசகசா தாராளமாக அரைத்துப் போட்டிருந்தால் மார்பின் காட்டக்கூடும். அது அபின் செடியின் விதைதானே. சோதனைக்கு முன்னால் கசகசாவைத் தள்ளிவையுங்கள். இன்னொரு பக்கம், சாதாரண மார்பின் பட்டையில் டேபென்டடாலும் டிரமடாலும் சரியாகத் தெரியாது, அவற்றுக்குத் தனிப் பட்டை உண்டு. ஆகவே ‘டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்திருச்சு’ என்று அவர் சொன்னால் எந்தப் பட்டை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை அவரைப் பிடித்துக்கொடுப்பதற்கு இல்லை, மருந்தளவைச் சரியாக வைப்பதற்கு. போலீஸ் பயமும் வேண்டாம். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

கடைசியாக நாத்தனார் வாங்கி வந்த பொடி. அவர் நல்ல எண்ணத்தில்தான் வாங்கியிருப்பார். இந்தப் பொடிகளின் பாக்கெட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று நம்பும்படி எதுவும் எழுதியிருக்காது. டைசல்பிராம் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்கு இதயமே பாதிக்கும். ஒருமுறை சாப்பிட்டால் இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். குடிப்பவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, ஈரலைச் சோதித்துத்தான் அதைக் கொடுப்போம். ரசத்தில் ரகசியமாகக் கலந்தால் தெரியாமல் ஒரு குவார்ட்டர் போட்டவர் செத்துப்போகலாம், பழி உங்கள் மேல் வரும். சரி, பொடியில் அதுதான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். டைசல்பிராம் சாராயத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். டேபென்டடாலுக்கும் தூக்க மாத்திரைக்கும் கஞ்சாவுக்கும் அது எதுவும் செய்யாது. உங்கள் கணவர் குடியை விட்டே இரண்டு வருடம் ஆகிறது. ‘எல்லாப் பழக்கத்துக்கும் ஒரே பொடி’ என்று யாராவது சொன்னால், அவருக்கு வகை தெரியாது என்று புரிந்துகொள்ளுங்கள். அதேபோல, ஆறு மாதம் பூட்டி வைத்துத் திருத்துகிறோம் என்று வண்டி அனுப்பும் ‘சென்டர்’காரர்களிடமும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி அனுப்புவதற்கு முன் கேளுங்கள்.

ஓ.பி.யே போதுமா, அட்மிட் ஆக வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு ஓ.பி. சரிதான், ஒன்றரை மாதமாக வாரம் தவறாமல் வருகிறார் என்பதே நல்ல அடையாளம். ஆனால் முன்பு எப்போதாவது, குடியை விட்ட சமயத்திலோ மாத்திரை கிடைக்காத நாளிலோ, அவருக்கு வலிப்பு வந்திருக்கிறதா? ஊசி மூலம் எடுத்திருக்கிறாரா? சாகப்போகிறேன் என்று பேசுகிறாரா? இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் அதை டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஊசி என்றால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை இலவசமாகவே செய்வார்கள். இடையில் சந்தேகம் வந்தால் போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. உங்களுக்கென்று பேச யாராவது வேண்டுமென்றால், குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக நடக்கும் அல்-அனான் கூட்டம் பக்கத்து ஊரில் இருக்கிறதா என்று ஓ.பி.யில் உள்ள கவுன்சிலரிடம் விசாரியுங்கள்.

அடுத்த வாரம் போகும்போது அந்தக் கவரோடு, ராத்திரி மாத்திரை இனி எந்தக் கணக்கில் குறையப்போகிறது என்பதை வாரவாரியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அந்தந்த நாளுக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள், மீதியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். நாக்கடி மாத்திரை ஒன்றே ஒன்று குழந்தை வாயில் போனாலும் ஆபத்து.